தோலின் உள்ளார்ந்த நோயெதிர்ப்பும் கடும் தோல் நோய்களும்

தோலின் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு என்பது, ஒரு கிருமியை உடல் முன்பு சந்தித்திருக்கிறதா என்று பாராமல் உடனடியாகச் செயல்படும், பிறவியிலேயே தோலில் அமைந்த தற்காப்பு ஏற்பாடுகளின் தொகுப்பாகும். தடுப்பூசியாலும் முந்தைய நோயாலும் உண்டாகும் 'பெற்ற நோயெதிர்ப்பு' முழு வேகம் பெறச் சில நாட்கள் பிடிக்கும். உள்ளார்ந்த நோயெதிர்ப்போ நிமிடங்களிலும் மணிநேரங்களிலும் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

சோரியாசிஸ், அட்டோப்பிக் கரப்பான், தோலில் தோன்றும் டி-செல் லிம்போமா என்னும் புற்றுநோய் ஆகிய மூன்றும் முற்றிய நிலையில் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரியலாம். உடல் முழுவதும் தோல் சிவந்து, செதில் செதிலாக உரியும். ஆனால் உள்ளே நடப்பது ஒன்றல்ல. சோரியாசிஸில் தோலின் கிருமிக்கொல்லிகள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. மற்ற இரண்டிலும் அவை குன்றிப்போகின்றன. எந்த நோயாளியைக் கிருமித்தொற்று எளிதில் வீழ்த்தும் என்பது பெரிதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. நீலகிரி மாவட்டத்தைப் போலக் குளிரும் உயரமும் மிகுந்து, சிறப்பு மருத்துவம் மலையிறங்கிச் செல்ல வேண்டிய தொலைவில் இருக்கும் இடங்களில் இதை அறிந்திருப்பது உயிர் காக்கும் செய்தியாகிறது.

தற்காப்பின் அமைப்பு

தோலின் மேலடுக்கு கெரட்டினோசைட் என்னும் செல்களால் ஆனது. இவை அடியிலிருந்து மேலேறி, தட்டையாகி, இறந்து, கடைசியில் உதிர்கின்றன. இந்தப் பயணத்திற்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். மேலே அடுக்கப்பட்ட இறந்த செல்கள் செங்கல் போலவும், அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து போலவும் அமைந்து சுவராகின்றன. தோலின் மேற்பரப்பு சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. அதன் அமில அளவான பி.எச். பொதுவாக 4.5 முதல் 5.5 வரை இருக்கும். பல நோய்க்கிருமிகளுக்கு இந்தப் புளிப்பு பிடிப்பதில்லை. தோலில் நிலையாகக் குடியிருக்கும் தீங்கற்ற பாக்டீரியாக்கள் இதற்குப் பழகியவை. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதே புதிதாக வரும் கிருமிகளுக்கு ஒரு தடை.

கெரட்டினோசைட்டுகளை வெறும் சுவர்ப்பொருளாகவே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. உண்மையில் அவற்றுக்குக் கிருமிகளை அடையாளம் காணும் உணரிகள் உண்டு. டோல் வகை உணரிகள் எனப்படும் இவை, பாக்டீரியாவின் மேலுறைப் பொருட்களையும் வைரஸின் மரபுப்பொருளையும் பொதுவான வடிவத்தைக் கொண்டே கண்டுகொள்கின்றன. பழ ஈயில் டோல் மரபணுவின் தற்காப்புப் பணியைக் கண்ட ஜூல்ஸ் ஹாஃப்மன், பாலூட்டிகளில் அதன் இணையைக் கண்ட புரூஸ் பாய்ட்லர் ஆகியோர், டென்ட்ரிட்டிக் செல்களைக் கண்டறிந்த ரால்ஃப் ஸ்டெய்ன்மனுடன் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

உணரி எச்சரித்தவுடன் கெரட்டினோசைட் சிறு புரதத் துண்டுகளைச் சுரக்கிறது. இவை நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகள் எனப்படுகின்றன. டிஃபென்சின்கள், எல்எல்-37 என்ற வடிவில் செயல்படும் கேத்தலிசிடின், சோரியாசின் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. பெரும்பாலும் இவை பாக்டீரியாவின் சவ்வைத் துளைத்து அதைக் கொல்கின்றன. உடலே தயாரிக்கும் ஆன்டிபயாட்டிக் என்று இவற்றைச் சொல்லலாம்.

மேலடுக்கில் கிளை விரித்து நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களும் உண்டு. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தங்கக் குளோரைடு சாயமேற்றித் தோலைப் பார்த்தபோது இவற்றைக் கண்டார். கிளைகளைப் பார்த்து நரம்புச் செல்கள் என்று நினைத்துவிட்டார். அவை கிருமித் துணுக்குகளைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் செல்லும் காவலர்கள் என்பது தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சற்று ஆழத்தில் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் நிரம்பிய பைகளுடன் காத்திருக்கின்றன. ஹிஸ்டமின் என்ன செய்யும் என்பதை நீலகிரிச் சோலைக்காட்டின் ஓரமாக நடப்பவர்கள் அறிவார்கள். அங்கே வளரும் காஞ்சொறி இனச் செடிகளின் மயிர்கள் தோலில் குத்தி ஹிஸ்டமின் முதலிய பொருட்களைச் செலுத்துகின்றன. பட்ட இடம் சில நிமிடங்களில் தடித்து எரிகிறது. மாஸ்ட் செல் உள்ளிருந்து செய்வதை அந்தச் செடி வெளியிலிருந்து செய்துகாட்டுகிறது.

சோரியாசிஸ்: மிகுந்துபோன தற்காப்பு

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படும் சோரியாசிஸில், நான்கு வாரத்தில் மேலேற வேண்டிய செல்கள் நான்கைந்து நாட்களில் மேலே வந்துவிடுகின்றன. முதிராத செல்கள் வெள்ளிநிறச் செதில்களாகக் குவிந்து உதிர்கின்றன. சுவரில் இத்தனை விரிசல் இருந்தும் சோரியாசிஸ் படைகளில் சீழ் பிடிப்பது அரிது. இது மருத்துவர்களுக்குப் பலகாலம் புதிராக இருந்தது.

விடை அந்தச் செதில்களிலேயே இருந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் ஹார்டர், ஷ்ரோடர் குழுவினர் சோரியாசிஸ் நோயாளிகளின் செதில்களைத் திரட்டி வேதிமுறையில் பிரித்துப் பார்த்து, மனித பீட்டா-டிஃபென்சின்-2 என்னும் கிருமிக்கொல்லிப் பெப்டைடைக் கண்டறிந்து 1997இல் வெளியிட்டனர். படுக்கையை உதறும்போது குப்பைக்குப் போகும் செதிலில் மருந்து இருந்தது. 1991இல் சோரியாசிஸ் தோலில் கண்டறியப்பட்டு அந்நோயின் பெயரையே பெற்ற சோரியாசின் என்ற புரதம், மலத்தில் காணப்படும் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொல்கிறது என்பதையும் கீல் குழுவே 2005இல் நிறுவியது.

இவ்வளவு பெப்டைடு சுரக்கக் காரணம், சோரியாசிஸில் ஓங்கி நிற்கும் இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-22 என்னும் செய்திப் புரதங்கள். இவை கெரட்டினோசைட்டுகளை ஓயாமல் தூண்டுகின்றன. ஆனால் மிகுதி நன்மையில் முடிவதில்லை. எல்எல்-37 பெப்டைடு, சிதைந்த செல்களிலிருந்து வெளிவரும் உடலின் சொந்த டி.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொள்ளும்போது, அதை வைரஸ் என்று தவறாக எண்ணி டென்ட்ரிட்டிக் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. 2007இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, கிருமியைக் கொல்லும் பொருளே அழற்சியை மூட்டிக்கொண்டிருப்பதைக் காட்டியது. இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் செக்குகினுமாப் போன்ற ஊசிகள் படைகளை வியக்கத்தக்க அளவு நீக்குகின்றன. அதே ஊசியால் சிலருக்கு வாயிலும் மறைவிடங்களிலும் கேண்டிடா பூஞ்சைத் தொற்று வருகிறது. தடுக்கப்பட்ட அந்தப் புரதம் வேண்டாத பொருள் அல்ல என்பதற்கு இதுவே சான்று.

அட்டோப்பிக் கரப்பான்: குன்றிய தற்காப்பு

குழந்தைப் பருவத்தில் தொடங்கி முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து ஆகிய இடங்களில் அரித்துக் கசியும் அட்டோப்பிக் கரப்பானில் கதை தலைகீழாகிறது. இங்கு ஓங்கி நிற்பவை இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13. இவை பெப்டைடுச் சுரப்பை அடக்குகின்றன. சோரியாசிஸ் தோலையும் கரப்பான் தோலையும் ஒப்பிட்டு 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, கரப்பான் தோலில் கேத்தலிசிடினும் பீட்டா-டிஃபென்சின்-2உம் மிகக் குறைவாக இருப்பதைக் காட்டியது.

இதனுடன் சுவரிலும் குறை சேர்ந்துகொள்கிறது. மேல்தோலை இறுக்கிப் பிடித்து ஈரம் காக்கும் ஃபிலாகிரின் என்ற புரதத்தின் மரபணு சிலருக்குப் பழுதுபட்டிருக்கிறது. இப்பழுது கரப்பானுக்கு வலுவான காரணம் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் குழுவினர் 2006இல் நிறுவினர். ஃபிலாகிரின் சிதைவதால் கிடைக்கும் அமிலங்களே தோலின் புளிப்புக்கு ஒரு மூலம். அது குறைந்தால் ஈரமும் போகிறது, புளிப்பும் போகிறது.

வெற்றிடத்தில் வந்து குடியேறுவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நலமானவர்களின் தோலில் அரிதாகவே காணப்படும் இந்த பாக்டீரியா, கரப்பான் படைகளில் மிகப் பெரும்பாலானோரிடம் இருக்கிறது. இதன் நச்சுப்பொருட்கள் அழற்சியைக் கூட்ட, அரிப்பு கூடி, சொறிவதால் சுவர் மேலும் உடைகிறது. முத்தக்கொப்புளம் எனச் சாதாரணமாகக் கடந்து செல்லும் ஹெர்ப்பிஸ் வைரஸ்கூட இத்தகைய தோலில் ஓரிரு நாளில் முகமெங்கும் பரவிவிடலாம். ஒரே அளவான குழிப்புண்கள் கூட்டமாகத் தோன்றி, காய்ச்சலும் இருந்தால் அதைக் கரப்பானின் சீற்றம் என்று எண்ணிக் களிம்பு தடவிக் காத்திருக்கக்கூடாது. அது அவசர நிலை.

தோல் டி-செல் லிம்போமா: புற்றுநோய் பறிக்கும் கவசம்

தோலில் குடியேறும் டி-செல்களே புற்றுத்தன்மை அடைவது தோல் டி-செல் லிம்போமா. இதில் அதிகம் காணப்படும் வகைக்கு மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று பெயர். பாரிஸ் மருத்துவர் ழான்-லூயி அலிபேர் 1806இல் விவரித்த நோயாளியின் கட்டிகள் காளான் வடிவில் இருந்ததால் வந்த பெயர் இது. காளானுக்கும் பூஞ்சைக்கும் நோயுடன் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு நூற்றாண்டுகளாக இந்தப் பெயர் குழப்பத்தை மட்டுமே தந்திருக்கிறது. இதே புற்றுச்செல்கள் இரத்தத்திலும் மிகுந்து, உடல் முழுதும் சிவந்து, நிணநீர்க் கணுக்கள் வீங்கும் தீவிர வகை செசாரி நோய் எனப்படுகிறது. ஆல்பெர் செசாரி 1938இல் இதை விவரித்தார். மூளை மடிப்புப் போன்ற உட்கருவுடைய செல்கள் இதன் அடையாளம்.

தொடக்க நிலை மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் மெதுவான நோய். சிறு பரப்பில் மட்டும் திட்டுகள் உள்ளவர்களின் வாழ்நாள் பிறரைப் போலவே இருக்கிறது. முற்றிய நிலையிலும் செசாரி நோயிலும்தான் நிலைமை கடுமையாகிறது. அங்கும் நோயாளியின் உயிரைப் பறிப்பது பல வேளைகளில் கட்டி அல்ல, இரத்தத்தில் புகுந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள்தாம்.

ஏன் என்பதற்கான விளக்கம் முந்தைய பகுதியிலேயே இருக்கிறது. புற்றுச்செல்கள் பெருகும்போது அவை சுரக்கும் செய்திப் புரதங்கள் கரப்பானின் பக்கம் சாய்கின்றன. இன்டர்லூக்கின்-4உம் 13உம் மிகுந்து பெப்டைடுகள் ஒடுங்குகின்றன. டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த லிம்போமா தோலில் ஈரக்காப்பும் ஃபிலாகிரினும் நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகளும் குறைந்திருப்பதை அளந்து காட்டியது. தோலில் பல்லாயிரம் டி-செல்கள் குவிந்திருந்தும் காவல் இல்லை. அவை கூட்டத்தைப் பெருக்கிக்கொள்கின்றனவே அன்றிக் காவலர் வேலையைச் செய்வதில்லை.

குடியேறும் ஸ்டெஃபைலோகாக்கஸ் தன் பங்குக்கு மிகைத்தூண்டு நச்சுகள் எனப்படும் பொருட்களைச் சுரக்கிறது. இவை டி-செல்களை நேரடியாக முடுக்கிவிடுபவை. புற்றுச்செல்லும் டி-செல்தான் என்பதால் கிருமி புற்றுக்கு உரமாகிறது. முற்றிய நோயாளிகளுக்கு வலுவான ஆன்டிபயாட்டிக் சிகிச்சை சிறிது காலம் தந்தபோது தோலின் நிலையும் புற்றுச்செல்களின் செயல்பாடும் குறைந்ததை டென்மார்க் ஆய்வாளர்கள் 2019இல் அறிவித்தனர். நோயாளிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. ஆன்டிபயாட்டிக்கால் லிம்போமா குணமாகும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் இந்நோயில் தோல் தொற்றைப் பக்கவிளைவாக எண்ணித் தள்ளிவிட முடியாது என்பது உறுதியாயிற்று.

ஒரே தோற்றத்தின் ஆபத்து

உடற்பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் தோல் அழற்சியுற்று உரியும் நிலை எரித்ரோடெர்மா எனப்படும். சோரியாசிஸ், கரப்பான், சில மருந்துகளுக்கு ஏற்படும் ஒவ்வாமை, லிம்போமா ஆகிய எதன் முடிவிலும் இது வரலாம். பாடநூல்கள் 'செக்கச் சிவந்த தோல்' என்று எழுதுகின்றன. அவை வெளிறிய தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. தமிழர்களின் மாநிறத் தோலில் இது செம்பு நிறமாகவோ, சாம்பல் படர்ந்த கருமையாகவோ தெரியும். சிவப்பைத் தேடுபவர் நோயைத் தவறவிடுவார். சூடு, செதில், அரிப்பு, கால் வீக்கம், குளிர் நடுக்கம் ஆகியவையே இங்கு நம்பத்தக்க அடையாளங்கள்.

தொடக்கநிலை லிம்போமாவிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. கருந்தோல் உடையவர்களிடத்தில், குறிப்பாகச் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும், மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் வெளிர் திட்டுகளாகத் தோன்றுவதுண்டு. தேமல், வெண்புள்ளி, தொழுநோய் ஆகிய மூன்றோடும் அது குழம்பும். தேமல் என்று பூஞ்சைக் களிம்பு மாதக்கணக்கில் தடவப்படும். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் தொடு உணர்ச்சி குறையும், லிம்போமாத் திட்டில் குறையாது. உணர்ச்சி குறையாமல், களிம்புக்கும் அடங்காமல், வெயில் படாத இடுப்பிலும் தொடையிலும் நெடுநாள் நிற்கும் திட்டுக்குத் தோல் திசு ஆய்வு தேவை. ஒரே ஆய்வில் விடை கிடைக்காமலும் போகலாம். பல மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறை திசு எடுத்த பிறகே லிம்போமா உறுதியாவது வழக்கத்தில் உள்ளதுதான்.

ஸ்டீராய்டு இங்கே இரு வகையில் தீங்கு செய்கிறது. திசு எடுப்பதற்கு முன் தடவிய ஸ்டீராய்டுக் களிம்பு, லிம்போமாவின் அடையாளங்களை மங்கச் செய்துவிடும். சோரியாசிஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்தால் நான்கு நாளில் தோல் பளிச்சென்று ஆகும். நிறுத்தியதும் முன்னிருந்ததைவிடப் பன்மடங்கு சீறி எரித்ரோடெர்மாவாக மாறக்கூடும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையின் பெயர் தெரியாதவர்களுக்கு இந்த ஆபத்து தெரிய வழியே இல்லை.

புதிய மருந்துகளும் சரியான நோயறிதலையே கோருகின்றன. இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவற்றின் செயலைத் தடுக்கும் டுபிலுமாப் 2017இல் அமெரிக்காவில் கரப்பானுக்கு அனுமதி பெற்றது. கரப்பான் நோயாளிகளுக்கு அது பெரும் நன்மை. பின்னர், பெரியவர்களில் கரப்பான் என்று தவறாகக் கணிக்கப்பட்டு இதைப் பெற்ற சிலரிடம் மறைந்திருந்த லிம்போமா வெளிப்பட்டதாகவும் விரைந்து முற்றியதாகவும் அறிக்கைகள் வரத் தொடங்கின. நடுவயதில் முதன்முறையாக வரும் 'கரப்பானை' ஐயத்துடன் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து தோல் மருத்துவர்கள் கற்ற பாடம்.

நீலகிரியின் குளிரும் தோலும்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டரிலும் உள்ளன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையின் புல்வெளிகளில் உறைபனி படியும். சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும். குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. அதே காற்று அடுப்பெரியும் அறைக்குள் சூடாகும்போது மேலும் வறண்டதாகித் தோலிலிருந்து நீரை இழுக்கிறது. ஃபிலாகிரின் குறைந்த தோலுக்கு இது சோதனைக் காலம்.

எரித்ரோடெர்மா நோயாளிக்கு இந்தக் குளிர் நேரடி ஆபத்து. நலமான தோல், குளிரில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடற்சூட்டைக் காக்கும். அழற்சியுற்ற தோலில் குழாய்கள் விரிந்தே கிடக்கின்றன. சூடும் நீரும் தொடர்ந்து வெளியேறுகின்றன. உதிரும் செதிலோடு புரதமும் போகிறது. கூடுதல் இரத்தத்தைச் சுற்றவிட்டு இதயம் களைக்கிறது. சமவெளியில் நடுக்கத்தோடு போகும் நோயாளி, மலையின் ஜனவரி இரவில் உடற்சூடு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயங்கலாம். உடல் தொட்டால் சுடும், நோயாளியோ குளிர்கிறது என்பார். தொட்டுப் பார்ப்பவர் காய்ச்சல் என்று போர்வையை விலக்கிவிடக்கூடாது. அதே நேரத்தில் உண்மையான காய்ச்சலும் கிருமி இரத்தத்தில் கலந்ததால் இருக்கலாம் என்பதால், வெப்பமானி வைத்து அளப்பதே வழி.

குளிர் தூண்டும் பழக்கங்கள் சிலவும் தோலுக்கு எதிரானவை. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிப்பது மலையில் இன்பம். அந்த வெந்நீர் சுவரின் சாந்தாகிய கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. காரம் மிகுந்த சவுக்காரம் புளிப்பைப் போக்குகிறது. மிதமான சூட்டில் விரைவாகக் குளித்து, ஈரம் உலருமுன் எண்ணெயோ வாசலினோ தடவுவது நல்லது. தேங்காய் எண்ணெய் இதற்குத் தகுந்தது. பிலிப்பைன்ஸில் அட்டோப்பிக் கரப்பான் நோயாளிகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஒப்பீட்டில், செக்குத் தேங்காய் எண்ணெய் ஆலிவ் எண்ணெயைவிட ஸ்டெஃபைலோகாக்கஸைக் கூடுதலாகக் குறைத்தது. சுமார் 24 டிகிரிக்குக் கீழ் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுவதால் உதகையில் அது ஆண்டின் பெரும்பகுதி கட்டியாகவே கிடக்கும். அடுப்படியில் வைத்த புட்டியே அங்கு பயன்படும்.

நீலகிரித் தைலத்தின் கதை வேறு. மலையெங்கும் நட்ட யூக்கலிப்டஸ் மரங்களின் இலையிலிருந்து வடிக்கும் இந்தத் தைலம் சளிக்கும் உடல்வலிக்கும் வீட்டு மருந்தாக நிலைத்துவிட்டது. தைலத்திற்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது உண்மையே. ஆனால் வெடித்த, கசியும் தோலில் அது எரிச்சலைத் தரும். காற்றுப்பட்டுப் பழசான தைலம் சிலருக்கு ஒவ்வாமைக் கரப்பானையும் உண்டாக்கும். அரிப்புக்குத் தைலம் தடவினால் கிடைக்கும் குளிர்ச்சி சில நிமிடங்களுக்கு மட்டுமே.

தேயிலைத் தோட்டத்தில் கைகள் முதலில் பாதிக்கப்படுகின்றன. பனியில் நனைந்த கொழுந்தைக் காலை முதல் பறிக்கும் விரல்களில் இலைச்சாறு கறையாகப் படிகிறது. ஈரமும் உராய்வும் மேல்தோலைத் தளர்த்துகின்றன. மழைக்காலத்தில் தேயிலையைத் தாக்கும் கொப்புள நோய்க்குத் தாமிரக் கலவைகளும் பிற பூஞ்சைக்கொல்லிகளும் தெளிக்கப்படுகின்றன. கரப்பான் உள்ளவர் தெளிப்பு வேலையில் இல்லாதிருப்பதும், பருத்தி உள்ளுறையுடன் கையுறை அணிவதும் நன்று. குடும்பத்தின் கூலி அந்த வேலையில் இருக்கும்போது இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. காயமோ கீறலோ பட்ட இடத்தில் புதிய படை முளைக்கும். தேயிலைச் செடியின் கவாத்து வெட்டிய கிளைகள் உரசும் முன்கையும் முழங்காலும் இதற்கு எளிய இலக்கு.

மலையின் வெயிலும் இருமுனைக் கத்தி. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து விழுக்காடு மிகுகிறது. குளிர்ந்த காற்றில் வெயிலின் கடுமை உறைப்பதில்லை. அளவான புற ஊதாக் கதிர் அழற்சி செல்களை ஒடுக்குவதால் சோரியாசிஸுக்கும் தொடக்கநிலை மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸுக்கும் மருத்துவமனைகளில் ஒளிச்சிகிச்சை தரப்படுகிறது. சொராலென் என்ற பொருளை உட்கொண்டு ஒளியில் நிற்கும் முறையும் உண்டு. சித்த மருத்துவத்தின் கார்போகரிசியில் உள்ளதும் இந்தச் சொராலெனே. அளவு பார்க்காமல் கார்போகரிசியைப் பூசிக்கொண்டு மலை வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும்.

மலையிலிருந்து மருத்துவம்

நோயை உறுதிசெய்யத் திசு ஆய்வும், செசாரி நோய்க்கு இரத்தத்தின் டி-செல்களைப் பிரித்தெண்ணும் ஆய்வும் வேண்டும். நெடுங்காலமாக இதற்கு நீலகிரி நோயாளிகள் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியிருந்தது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கான பெரிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கூடலூரில் பழங்குடி மக்களுக்காக 1990 முதல் இயங்கும் அஸ்வினி அமைப்பின் மருத்துவமனை உள்ளது. கூடலூருக்கும் உதகைக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. மழையில் மண் சரிந்தால் அதுவும் அடைபடும். ஆகவே முதலில் பார்க்கும் செவிலியரோ தோட்ட மருந்தகப் பணியாளரோ எதை அவசரம் என்று அறிகிறார் என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. உடல் முழுதும் உரியும் தோலுடன் காய்ச்சல், குழப்பம், மூச்சு வாங்குதல், சீழ், கூட்டமான குழிப்புண் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் நோயாளி அன்றே மருத்துவமனை சேர வேண்டும். சோரியாசிஸ் என்று ஏற்கெனவே உறுதியானவரிடம் தொற்று குறைவு என்ற எண்ணம்கூட எரித்ரோடெர்மா நிலையில் பொருந்தாது.

சோரியாசிஸுக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசிகள் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உள்ளுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியை அடைத்து வைத்திருக்கும் வேலியில் அந்தப் புரதமும் ஒன்று.

குன்னூரும் தோல்வழித் தடுப்பூசியும்

தோலின் காவல் செல்களை மருத்துவம் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி நல்ல சான்று. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் தென்னிந்தியாவில் இந்நோய்க்கான சிகிச்சையின் மையமாக விளங்கியது. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய தடுப்பூசி வயிற்றில் பல நாட்கள் போடப்பட்டது. 2004 இறுதியில் இந்தியாவில் அது கைவிடப்பட்டு, செல் வளர்ப்பில் செய்த தூய தடுப்பூசிகள் வந்தன. இவற்றைத் தசையில் போடுவதற்கு மாறாகத் தோலுக்குள் போடும் முறைக்கு 2006இல் ஒப்புதல் கிடைத்தது. ஒரு முறைக்கு இரு மேற்கைகளிலும் தலா 0.1 மில்லிலிட்டர், முதல் நாள், 3, 7, 28ஆம் நாட்கள் என மொத்தம் 0.8 மில்லிலிட்டரே செலவாகும். தோலில் டென்ட்ரிட்டிக் செல்கள் நெருக்கமாக இருப்பதால் இந்தச் சிற்றளவே போதுமானதாகிறது.

கடும் தோல் நோயாளியை நாய் கடித்தால் இந்தக் கணக்கு மாறக்கூடும். அழற்சியுற்ற, உரியும் தோலில் ஊசி போடுவதில்லை. சோரியாசிஸுக்காக மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளோ, லிம்போமாவுக்கான மருந்துகளோ எடுப்பவர்களுக்கு எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகாமல் போகலாம். குளோரோகுயின் மாத்திரை தோல்வழி வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் விளைவைக் குறைப்பதை 1980களிலேயே கண்டிருக்கிறார்கள். இத்தகையவர்களுக்கு மருத்துவர் தசைவழி ஊசியைத் தேர்ந்தெடுக்கலாம். தோல் கீறிய சிறு காயத்திற்கும்கூட, தடுப்பூசியுடன் காயத்தில் செலுத்தும் ஆயத்த எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தர உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிய பின், மருத்துவமனையில் தாம் எடுத்துவரும் தோல் மருந்துகளின் சீட்டை நோயாளி முதலில் காட்ட வேண்டும்.